விற்பதற்கு முன் மோட்டார் சைக்கிளின் கீறல், நெளிவு, கறள்: எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் பத்து வருடங்களுக்கு மேல் ஓடிய கறுப்பு நிறப் பல்சர் 150 இருக்கிறது. எஞ்சின் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு தடவை இடப்பக்கம் சரிந்து விழுந்ததில் பக்கப் பிளாஸ்டிக்கிலும் கிராஷ் பாரிலும் கீறல்கள் உண்டு, பெற்றோல் தாங்கியில் பெருவிரல் அளவில் ஒரு நெளிவு உண்டு, சைலன்சரிலும் பின் கரியரிலும் கறள் பிடித்திருக்கிறது, சீற் கிழிந்திருக்கிறது, ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பூச்சு வேலை செய்யும் ஒருவர் முழு வண்டியையும் அடித்துத் தந்தால் புதிது போலாகும், விலையும் கூடும் என்கிறாராம். அடிக்கலாமா என்று தம்பி கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் பதில். பத்து வருடம் ஓடிய வண்டியில் பழைய பூச்சைக் கண்டு வாங்க வருபவர் பயப்படுவதில்லை. தலை முதல் வால் வரை பளபளக்கும் புதிய பூச்சைக் கண்டால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். பெரிய விபத்தில் சிக்கிய வண்டியோ, மாரி வெள்ளத்தில் கிடந்த வண்டியோ, செசி ஒட்டிய வண்டியோ என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டால், நீங்கள் பூச்சுக்குச் செலவழித்த காசைப் போல இரண்டு மடங்கை விலையில் குறைத்துக் கேட்பார். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏறிய விலையைக் கண்ட எவரும் இன்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. தெரிந்த கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு குறையையும் பார்க்கும்போது, இதைக் காணும் ஒருவர் இதைவிடப் பெரிய பிழை உள்ளே இருப்பதாக எண்ணிவிடுவாரா என்று உங்களையே கேளுங்கள். கறள் பிடித்த ஆணித் தலைகளைப் பார்ப்பவர், வண்டி மழையிலேயே கிடந்தது என்று நினைப்பார். வளைந்த கிளட்ச் லீவரைப் பார்ப்பவர், முன் ஷொக்கும் வளைந்திருக்கலாம் என்று நினைப்பார். இவற்றைச் சரிசெய்யுங்கள். முழங்கால் உரசி மங்கிய தாங்கியின் பக்கத்தையோ, திறப்புத் துவாரத்தைச் சுற்றித் திறப்புக் கோர்வை உரசிய கோடுகளையோ கண்டு எவரும் எதையும் கற்பனை செய்யப்போவதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

முதல் வேலை கழுவுவது. இதைச் சொன்னால் பலர் அலட்சியமாகக் கேட்பார்கள். ஆனால் விற்பனைக்கு முன் செய்யும் எல்லா வேலைகளிலும் செலவு குறைந்ததும் பயன் கூடியதும் இதுதான். கல்லடியிலிருந்து ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று நீளும் எழுவான்கரை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஒடுங்கிய நிலம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு வண்டியின் மூலை முடுக்குகளில் படிந்துவிடுகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்திருப்பதால், மழையே இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருந்து கறள் பிடிக்கிறது. மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டியென்றால் ரெஜிபோம் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் பின் கரியரையும் பின் ஷொக்கின் ஸ்பிரிங்கையும் இன்னும் மோசமாக அரித்திருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஓடிய வண்டிகளின் கதை வேறு. அங்கே கிறவல் வீதிகளின் சிறு கற்கள் செசியின் முன் குழாயிலும் ஷொக்கின் கீழ்ப்பகுதியிலும் அடித்து அடித்துப் பூச்சைப் புள்ளி புள்ளியாகக் கழற்றியிருக்கும். செம்மண் தூசு எஞ்சின் இடுக்குகளில் எண்ணெயோடு சேர்ந்து இறுகியிருக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எண்ணெய் பிடித்த இடங்களில் மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பூசப்பட்ட பாகங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் பவுடரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் காரம் பூச்சின் மினுக்கத்தைக் கெடுக்கும். வாகனத்துக்கான ஷாம்பு போதும். தும்பைக் கொண்டு தேய்ப்பது இன்னொரு பிழை. வட்ட வட்டமான நுண்கீறல்கள் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன. கடற்கரை ஓரத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உவர்ப்பானது. அதில் கழுவிக் காயவிட்டால் மீண்டும் உப்பைத்தான் பூசுகிறீர்கள். நல்ல தண்ணீரால் கடைசியாக ஒரு தடவை கழுவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். அழுத்தத் தண்ணீர் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் மீற்றர், சுவிட்சுகள், சில்லுகளின் நடுப்பகுதி, ஹாண்டிலின் கழுத்து ஆகியவற்றுக்கு நேரே அடிக்கவேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கழுவியபின் டீசலையோ பழைய எண்ணெயையோ தெளித்து மினுக்குவதையும் அனுமதிக்காதீர்கள். அன்று மாலையே அதில் தூசு ஒட்டிவிடும். பார்க்க வருபவர் தொட்டால் கை கறுக்கும். எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது என்றே அவர் எண்ணுவார்.

கழுவிக் காய்ந்த வண்டியை வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் எது கீறல், எது வெறும் அழுக்கு என்று தெரியும். கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிச் சென்றால் காயம் நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற கிளியர் பூச்சோடு நின்றுவிட்டது. ரப்பிங் கொம்பவுண்டைக் கொண்டு கையாலேயே அதை எடுத்துவிடலாம். சற்று ஆழமென்றால் 2000 இலக்க வோட்டர் பேப்பரை (நீரோடு தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்து, மிக மெதுவாகத் தேய்த்து, பிறகு கொம்பவுண்ட் போடவேண்டும். கிளியர் பூச்சு தலைமயிரின் தடிப்பைக்கூட எட்டாத ஒரு படலம். தாங்கியின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெல்லியது; அங்கே தேய்த்தால் நொடியில் நிறம் வந்துவிடும். ஸ்டிக்கர்களிலும் கவனம் வேண்டும். சில மாதிரிகளில் ஸ்டிக்கரை ஒட்டி அதன்மேல் கிளியர் அடித்திருப்பார்கள். சிலவற்றில் ஸ்டிக்கர் வெளியே இருக்கும். இரண்டாவது வகையில் கொம்பவுண்ட் பட்டால் ஸ்டிக்கரின் எழுத்தே அழிந்துபோகும்.

நகம் தடுக்கினால் பொலிஷ் அதற்குப் போதாது. பெயின்ற் கலந்து தரும் கடையில் உங்கள் நிறத்தில் சிறிதளவு வாங்கி, கீறலுக்குள் மட்டும் நிரப்புங்கள். கடைத் தூரிகைகள் இதற்குத் தடிப்பானவை. ஈர்க்கின் நுனியைச் சீவி எடுத்துக்கொண்டால் கோட்டுக்குள் மட்டும் பெயின்றை இறக்க முடியும். ஒரே தடவையில் நிரப்பாமல், ஒவ்வொரு படையும் காய்ந்தபின் அடுத்ததை வையுங்கள். மேற்பரப்பைவிடச் சற்று உயர்ந்ததும், ஒரு நாள் முழுதும் காயவிட்டு, சிறிய அழிரப்பரில் 2000 இலக்கத் தாளைச் சுற்றிச் சமப்படுத்துங்கள். கூர்ந்து பார்த்தால் கோடு தெரியும். இரண்டு முழத் தூரத்திலிருந்து தெரியாது. விற்பதற்கு அது போதும். உங்கள் வண்டி கறுப்பு என்பது பெரிய வசதி. வெள்ளி, நீலம் போன்ற மினுக்க நிறங்களில் உள்ள உலோகத் துகள்கள் தூரிகையில் ஒரு விதமாகவும் ஸ்பிரேயில் இன்னொரு விதமாகவும் படிவதால், அந்த வண்டிகளில் இந்த வேலை எடுபடாது.

இனிப் பெற்றோல் தாங்கி. வாங்குபவரின் கண் முதலில் போவதும், பிழையான வேலை அதிகம் நடப்பதும் இதில்தான். உங்கள் தாங்கியில் பெருவிரல் அளவு நெளிவு என்கிறீர்கள். அந்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கிறதா, கறள் தெரிகிறதா என்று பாருங்கள். வெடிக்கவில்லையென்றால் அதைத் தொடவேண்டாம். நெளிந்த தாங்கியில் இருக்கும் கம்பனிப் பூச்சு, பட்டி (நெளிவை நிரப்பும் பசை) போட்டு அடித்த தாங்கியின் புதுப் பூச்சைவிட வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறும். விவரம் தெரிந்தவர் விரல் மடக்கித் தட்டியே பட்டியைக் கண்டுபிடித்துவிடுவார்; சிலர் சிறு காந்தத்தையும் வைத்துப் பார்ப்பார்கள். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது. ஒரு நெளிவைப் பட்டியால் மறைத்ததாகக் கண்டுகொண்டவர், வண்டியில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

பூச்சு வெடித்துக் கறள் தொடங்கியிருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும், ஏனென்றால் கறள் பூச்சுக்கு அடியிலேயே பரவும். தாங்கியைக் கழற்றிப் பெற்றோலை முழுதும் வடியுங்கள். பெற்றோல் இல்லாத தாங்கி ஆபத்தற்றது என்று நினைப்பது பெரும் தவறு. உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே நெளிவை எடுக்க நெருப்போ, வெல்டிங்கோ, சூடான காற்றடிக்கும் கருவியோ அருகில் வரக்கூடாது. அப்படிச் செய்வதாகச் சொல்லும் கராஜுக்குத் தாங்கியைக் கொடுக்காதீர்கள். கறளை இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுத்து, பட்டியை மெல்லியதாக, அதிகம் போனால் 3 மில்லிமீற்றர் தடிப்பில் வைக்கவேண்டும். அதைவிடத் தடித்தால் எஞ்சினின் அதிர்வில் வெடித்துவிடும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். எனவே அது இறுகியதும் தேய்த்து, அதே நாளில் பிரைமர் அடித்துவிடவேண்டும். பட்டியை வெறுமனே இரவு முழுதும் விட்டு மறுநாள் பெயின்ற் அடித்தால், சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும். அதற்குள் வண்டி இன்னொருவரின் கையில் இருக்கும், பழி உங்கள் பெயரில் இருக்கும்.

தாங்கிக்குச் சாதாரண ஸ்பிரே டின் போதாது. பெற்றோல் ஒரு சொட்டு வடிந்தாலே அந்தப் பூச்சு இளகி ஒட்டத் தொடங்கும். மூடியைச் சுற்றிப் பூச்சு சுருங்கிப்போன தாங்கிகளில் பல இப்படிக் கெட்டவைதான். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இருகலவைக் கிளியர்தான் பெற்றோலைத் தாங்கும். அந்தக் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலுக்குக் கேடானது. துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள பெயின்ற் வேலைத்தலத்தில், தாங்கியை மட்டும் கொடுத்துச் செய்வியுங்கள்.

காலநிலையும் இந்த வேலையின் ஒரு பகுதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பிடித்திருக்கும் நாட்களில் வெளியில் பெயின்ற் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியதுபோல் வெண்மை பூத்துவிடும். கச்சான் காற்று வீசும் கோடையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயில் ஏறியபின் அடித்தால் பெயின்ற் மேற்பரப்பில் படியுமுன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாகும், தூசும் ஒட்டும். பனி காய்ந்து, காற்று எழும்புமுன் உள்ள காலை நேரமே நல்லது. பெரும்போக அறுவடை முடிந்து தை, மாசி தாண்டும் வேளையில் நம் மாவட்டங்களில் கையில் காசு புழங்கும். வண்டி வாங்குவோரும் கூடுவர். அந்த நேரத்துக்கு விற்க எண்ணினால், பூச்சு வேலைகளை மாரிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கரியரின் கறள் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் எளிதாகப் போய்விடும். குரோம் பூச்சு ஒரு மைக்ரோனைவிட மெல்லியது. அதன் நுண்வெடிப்புகள் வழியே உப்புநீர் அடியிலுள்ள இரும்பைத் தொட்டுக் கறளை வெளியே தள்ளுகிறது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் குரோமைக் கீறாமல் கறளை மட்டும் எடுக்கும். அதன்பின் துடைத்து மெழுகு பூசினால் நுண்துளைகள் சில மாதங்களுக்கேனும் அடைபடும். குரோம் செதிலாக உரிந்திருந்தால் இந்த வழி பயன்படாது. கரியரைக் கழற்றிக் கறுப்பு அடிப்பதோ, வேறொன்று பூட்டுவதோதான் வழி. தேசிக்காய்ப் புளி தேய்ப்பவர்களும் உண்டு. கறள் போகும், ஆனால் கழுவாமல் விட்டால் அந்த அமிலமே மறுபடி அரிக்கும்.

சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்பிரே வேண்டும். டின்னில் 600 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். கம்பித் தூரிகையால் கறளை எடுத்து, தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, மெல்லிய இரண்டு மூன்று படைகளாக அடியுங்கள். சாதாரண பிரைமரை அடியில் போட்டால் சூட்டில் அது எரிந்து எல்லாம் உரிந்துவிடும். இந்தப் பூச்சு சூடேறித்தான் இறுகும்: எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, முழுதும் ஆறவிட்டு, மீண்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஓடவிடவேண்டும். முதல் தடவை புகையும் மணமும் வரும். ஆகவே பார்க்க வரும் நாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இல்லையேல் எஞ்சின் புகைப்பதாக நினைத்துவிடுவார்கள்.

கிராஷ் பாரைக் கழற்றி, தேய்த்து, கறுப்பு அடிப்பது அரை நாள் வேலை. விழுந்ததில் பிசிறு எழும்பிய பிளாஸ்டிக்கின் ஓரத்தை பிளேட்டால் சீவி 800, 1200 என்ற ஒழுங்கில் தேய்த்தால் காயம் மென்மையாகத் தெரியும். பிளாஸ்டிக் வெடித்திருந்தால் பூச்சுக்குக் காசு கொடுப்பதைவிட, கழற்றின சாமான் விற்கும் இடத்தில் அதே நிறத்தில் ஒன்றைத் தேடுவது மலிவு. மங்கிப்போன கறுப்புப் பிளாஸ்டிக்கில் சிலிக்கோன் பொலிஷ் பூசலாம், ஆனால் சீற், கால்மிதி, டயர், பிரேக் டிஸ்க் ஆகியவற்றில் அது பட்டுவிடக்கூடாது. ஓட்டிப் பார்க்க வருபவர் வழுக்கி விழுந்தால் விலை பேச ஒன்றும் மிஞ்சாது. ஹெட்லைட்டின் மஞ்சள் வெயிலால் மேற்பரப்பு கெட்டதால் வருவது. 1000, 2000 இலக்கத் தாள்களால் நீரோடு தேய்த்துக் கொம்பவுண்ட் போட்டால் தெளியும். பற்பசை தேய்த்தால் சில நாள் தெளிவாக இருந்து மீண்டும் மங்கும். சீற்றைக் குஷன் கடையில் கொடுத்துப் புதிய உறை போடுங்கள், கறுப்பு, கோடுகளில்லாதது.

கிளட்ச், பிரேக் லீவர்கள், பக்கக் கண்ணாடி, கைபிடி ரப்பர், கால்மிதி ரப்பர் ஆகியன சிறு செலவில் முடிவன. வளைந்த லீவரை நிமிர்த்தாதீர்கள். வார்ப்பு அலுமினியம் நிமிர்த்திய இடத்தில் வெடித்து, அவசர வேளையில் முறியும். புதியது பூட்டுங்கள். செலவுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு, எதிர்பார்க்கும் விலையில் இலட்சத்துக்கு ஐயாயிரம். அதைத் தாண்டினால் அந்தக் காசு திரும்பி வருவது அரிது.

தொடக்கூடாதவையும் உண்டு. ஹாண்டில் கழுத்தருகே செசி இலக்கம் அடிக்கப்பட்ட இடத்தைத் தேய்க்கவோ, அதன்மேல் பூசவோ கூடாது. எஞ்சின் இலக்கமும் அப்படியே. இவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கப்படுபவை. எழுத்து மங்கியிருந்தாலே வாங்குபவர் எழுந்து போய்விடுவார், அவர் போவதுதான் சரி. நிறமும் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறது. கறுப்பைச் சிவப்பாக்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்தவேண்டும். விற்பதற்கு முன் அந்த அலைச்சல் எதற்கு?

ஷொக்கோ செசியோ வளைந்திருந்தால் அதை அழகுக் குறையோடு சேர்க்காதீர்கள். ஹாண்டிலை நேராகப் பிடித்து ஓடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கராஜில் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். இல்லையேல் சொல்லி விலையைக் குறையுங்கள். பூசி மறைத்து விற்றால் அந்த வண்டியில் ஒரு குடும்பம் போகும் என்பதை மறக்கவேண்டாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு கீறலையும் நெளிவையும் பகல் வெளிச்சத்தில் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தில் இடப்பக்கப் படத்தையும் போடுங்கள். பார்க்க வருபவருக்கு எஞ்சினை முன்கூட்டியே சூடாக்காமல் குளிர்ந்தபடி காட்டி, “ஒரு தரம் இடப்பக்கம் விழுந்தது, லீவரும் கண்ணாடியும் மாற்றினேன், கிராஷ் பாரும் சைலன்சரும் பூசினேன், தாங்கியில் கை வைக்கவில்லை” என்று அவர் கேட்குமுன்பே சொல்லி, பழைய படங்களை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். விலை பேசுவதை அதன் பிறகு தொடங்குங்கள்.